நொண்டாத குதிரையை நிறுத்திய நாள்

"சார், நொண்டாத குதிரைய நீங்க நிறுத்துனீங்களாமே, நிஜமா?"

எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த கால்நடை மருத்துவர்களுக்குத் திருச்சியில் பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்ற பிராணி ஒன்றையும் நேரில் காட்டலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும், என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பந்தயக் குதிரைகளை எப்படிச் சோதிப்பது என்று நான் பேசி முடித்ததும், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மருத்துவர் எழுந்து கேட்ட கேள்வி இது. நிஜம்தான் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் காபியும் போண்டாவும் வந்துவிட்டன. போண்டாவோடு போட்டி போட்டு ஜெயித்த பேச்சாளர் இதுவரை பிறக்கவில்லை. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குதிரை என்றால் பயம். இதைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் ரகசியமாக வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பணி நிறைவு விழாவில் என்னைப் பாராட்டிப் பேசிய அத்தனை பேரும் அதைத்தான் குறிப்பிட்டார்கள். பாலக்கரையில் பிறந்தவன். வீட்டில் ஆரோக்கியசாமி என்று பெயர் வைத்து, பிள்ளை டாக்டராவான் என்று பங்குச் சாமியாரிடம் வேறு சொல்லி வைத்திருந்தார்கள். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்க என் மதிப்பெண் போதவில்லை. மாடுகள் மதிப்பெண் பட்டியல் கேட்காத ஜீவன்கள். அப்படித்தான் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன்.

படிப்பு முடிந்து சில காலம் ஒரு பெருநகரப் பந்தய மைதானத்தில் வேலை. கட்டுப்பாடு என்றால் என்ன என்று அங்கேதான் பார்த்தேன். ஓடுவதற்கு முன் ஒவ்வொரு குதிரைக்கும் கால் சோதனை, ஓடி முடித்ததும் ஜெயித்த குதிரைக்குச் சிறுநீர்ச் சோதனை. ஊக்க மருந்தோ வலி மறைக்கும் மருந்தோ கொடுத்திருந்தால் அதில் மாட்டிக்கொள்ளும். சிறுநீர் பிடிக்கும் பொறுப்பு இளையவனான எனக்கு. நீளக் கம்பு, அதன் நுனியில் ஒரு கிண்ணம். குதிரை மனம் வைக்கும்வரை மெதுவாக விசில் அடிக்க வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். எனக்கு விசில் வராது. கோயிலில் பாடிப் பழகிய மாதா பாட்டை முணுமுணுப்பேன். ஒன்றுக்கு இரண்டு தடவை பாடினால் குதிரைகள் இரக்கப்பட்டுவிடும். வீட்டில் கேட்டால் "மருந்துப் பரிசோதனைப் பிரிவு" என்று சொல்லிக்கொள்வேன்.

அங்கிருந்து அரசுப் பணி. மாடு, ஆடு, கோழி என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் குதிரைகள் மறுபடி வந்து சேர்ந்தன. நகர மைதானங்களில் வேகம் குறைந்த உயர்சாதிப் பந்தயக் குதிரைகளை வாங்கி வந்து, நம் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் சவாரிப் பந்தயம் விடுகிறார்கள். அதற்கு ஆட்சியரின் அனுமதி வேண்டும். பாதையை வருவாய்த் துறை பார்க்கும், கூட்டத்தைக் காவல் துறை பார்க்கும், குதிரையை எங்கள் துறை பார்க்கும். பந்தயத்தன்று காலையில் எங்கள் மருத்துவர் "தகுதி" என்று எழுதாத குதிரை ஓட்டம் தொடங்கும் கோட்டுக்கு அருகில் வரக்கூடாது. எழுத்தில் பார்த்தால் அவ்வளவு அதிகாரம். எழுதுகிற ஆளைப் பார்த்தால் ஐந்தடி இரண்டு அங்குலம், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பின்பக்கம் எப்போதும் தப்பி ஓட ஒரு வழி.

இந்தச் சோதனைகளுக்கு எனக்கு மேலதிகாரியாக வந்தவர் டாக்டர் வைதேகி. ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர். என்னைவிட வயதில் இளையவர், பதவியில் மூத்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அமைப்பாளர்கள் கொடுக்கும் காபியைத் தொடமாட்டார், சொந்த பிளாஸ்க். "பெருமாள் பிரசாதம்னாக்கூட சோதனை முடிஞ்சுதான்" என்பார். குதிரையின் பெயரைக் கேட்கக்கூடாது, போன தடவை என்ன பரிசு வாங்கியது என்று உரிமையாளர் சொல்ல ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது என்பதெல்லாம் அவருடைய சட்டம்.

எல்லாவற்றிலும் வினோதமான சட்டம் ஒன்று உண்டு. குதிரை வந்து நின்றதும் கிட்டே போகக்கூடாது. கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும்.

"முதல்ல சும்மா நில்லுங்கோ சார். குதிரை உங்களைப் பாத்து முடிக்கட்டும். அப்புறம் நீங்க அதைப் பாருங்கோ."

குதிரைக்குக் கிட்டே போகாதே என்று அரசாங்கமே உத்தரவு போட்டால் எனக்குக் கசக்குமா? துறையிலேயே இந்த விதியை மீறாத ஒரே ஆள் நான்தான்.

அதன்பிறகு தார் ரோட்டில் கயிற்றைத் தளரப் பிடித்துக் குதிரையை மெல்ல ஓடவிடச் சொல்வார். மண்ணில் ஓடினால் நொண்டல் மறைந்துவிடும், ரோட்டில் மறையாது. நான் கண்ணை அகல விரித்துப் பார்ப்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். பெருமாள் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கும்போது யாரோ ஒருவர் ஓர் அசை பிந்தினால் தெரிந்துவிடுமே, அப்படி நாலு குளம்பின் சத்தத்தில் எந்தக் கால் தயங்குகிறது என்று சொல்லிவிடுவார். பிறகுதான் கை. முழங்காலிலிருந்து கீழே வரைக்கும் தடவி, எங்கே சூடு, எங்கே வீக்கம் என்று பார்ப்பது. கடைசியில் பெரிய இடுக்கியால் குளம்பை அழுத்திப் பார்ப்பது. வலி இருந்தால் குதிரை காலை இழுத்துக்கொள்ளும். சில சமயம் மருத்துவரையும் சேர்த்து.

அந்த வருடம் ஜீயபுரம் பக்கத்தில் ஒரு திருவிழாப் பந்தயம். வைதேகி மேடம் அலுவலகக் கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்ததால் என்னைத் தனியாக அனுப்பினார். வாழைத் தோப்புகளுக்கு நடுவே நீளமாகச் சமன்படுத்திய மண் பாதை. முதல் நாள் வெட்டிய வாழைத்தாரின் கழிவு ஓரமாகக் குவிந்து கிடந்தது. ஊர் ஈ முழுவதும் அங்கே குடிவந்திருந்தது.

பெயரைக் கேட்கக்கூடாது என்ற சட்டத்தை அன்றைக்குக் காப்பாற்ற முடியவில்லை. வழி நெடுக ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள்: சுல்தான். படத்தில் குதிரை, அதன் பக்கத்தில் குதிரையைவிடப் பெரிதாக உரிமையாளர் தனிஸ்லாஸ். பாலக்கரையில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். எனக்குப் பக்கத்துத் தெரு, ஒரே பங்குக் கோயில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்கு முன் பெஞ்சு.

"டாக்டரண்ணே! நீங்கதான் வர்றீங்கன்னு சொன்னாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. நம்ம ஆளுன்னா அலைய விடமாட்டீங்க."

"நம்ம ஆளு அலைய விடமாட்டேன் தனிஸு. கொஞ்ச நேரம் நிக்கத்தான் விடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

பக்கத்தில் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் குமரேசன். உப்பிலியபுரத்துக்காரர், முப்பது வயதைத் தாண்டியவர். விவசாயக் குடும்பம். சுல்தான்மீது ஏறி ஓட்டப்போகிறவர் அவர்தான்.

சுல்தான் அழகான குதிரை, அதை நான் மறுக்க மாட்டேன். கரும்பழுப்பு, வாட்டசாட்டம். என்னைப் பார்த்து முடித்துவிட்டு, பார்க்க ஒன்றுமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஈக்கள் காலில் மொய்த்தன. வலது முன்னங்காலின் குதியில், குளம்புக்குப் பின்பக்கம், ஓர் ஈ உட்கார்ந்தது. குதிரை காலை ஓங்கித் தரையில் தட்டியது. பின்னங்காலில் உட்கார்ந்தது, அதையும் தட்டியது. இடது முன்னங்காலின் குதியில் ஏழெட்டு ஈ கூட்டமாக உட்கார்ந்து, ஏதோ கிளைச் சங்கக் கூட்டம் நடத்துகிற மாதிரி நிதானமாக நடந்துகொண்டிருந்தன. அந்தக் கால் அசையவில்லை.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மறுபடி வலது காலில் ஈ, மறுபடி தட்டல். இடது காலில் கூட்டம் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டிருந்தது.

ரோட்டில் ஓடவிடச் சொன்னேன். குமரேசன் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். நாலு காலும் பிசகில்லாமல் விழுந்தன. இடுக்கியால் குளம்பை அழுத்தினேன். வலி இல்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடிய நுனியால் வலது குதியின் மெத்தென்ற தோலில் குத்தினேன். குதிரை வெடுக்கென்று காலை உதறியது. நான் வெடுக்கென்று குதித்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இடது குதியில் குத்தினேன். ஒன்றுமில்லை. அழுத்திக் குத்தினேன். சுல்தான் தூரத்து வாழைத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பல் பிடுங்குவதற்கு முன் ஒரு ஊசி போடுவார்களே, உதடு நம்முடையதா பக்கத்து வீட்டுக்காரருடையதா என்று தெரியாமல் போகுமே, அந்த ஊசியைக் குதிரையின் கணுவுக்குக் கீழே இரண்டு பக்கமும் போட்டால் குதிப்பகுதி மரத்துவிடும். குளம்புக்குள் எவ்வளவு வலி இருந்தாலும் நொண்டாது. முழு வேகத்தில் ஓடும். உள்ளே எலும்பில் விரிசல் இருந்தால் முழு வேகத்திலேயே முறியும். முறிகிற நேரத்தில் மேலே உட்கார்ந்திருப்பவர் குதிரையின் தலைக்கு மேலாகப் பறந்து முன்னே விழுவார். பின்னால் வரும் குதிரைகளுக்கு பிரேக் கிடையாது.

"தகுதியில்லை" என்று சொன்னேன்.

தனிஸ்லாஸ் சிரித்தார். "அண்ணே, விளையாடாதீங்க."

"விளையாடல."

"நொண்டுற குதிரைய நிறுத்துங்க, நியாயம். நொண்டாத குதிரைய நிறுத்துறீங்களே, எந்த ஊர்ல நடக்கும்?"

"கால் மரத்துப்போயிருக்கு தனிஸு. ஊசி போட்டிருக்கு."

"அது சாதுவான குதிரைண்ணே. பொறுமை ஜாஸ்தி."

"அப்ப ஒரு காலுக்கு மட்டும்தான் பொறுமையா?"

கூட்டம் கூடிவிட்டது. பந்தயத்துக்கு வந்திருந்த வருவாய்த் துறை அதிகாரி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "டாக்டர், கொடியசைக்கிறவங்க மேடைக்கு வந்துட்டாங்க. ஜனம் பூரா இந்தக் குதிரையப் பாக்கத்தான் வந்திருக்கு. எதை வச்சு நிறுத்துறீங்க?"

எதை வைத்து? அங்கே ரத்தத்தைச் சோதிக்க ஆய்வகம் இல்லை. மாதிரி எடுத்து அனுப்பலாம். முடிவு வருவதற்குள் அடுத்த திருவிழாவே வந்துவிடும். மேடத்துக்கு போன் போட்டேன்.

"நன்னா ஓடறதா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா ஓடுது மேடம்."

"வலி?"

"இல்லை."

"பின்னே உங்க கண்ணுக்கு என்ன பட்டது? சொல்லுங்கோ."

"ஈ, மேடம்."

"என்னது?"

"ஈ. ஒரு கால்ல உக்காந்தா தட்டுது, இன்னொரு கால்ல தட்டல. பேனாவால குத்தினேன், அதுக்கும் அசையல."

கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே வந்தார் போலிருக்கிறது, கதவு மூடும் ஓசை கேட்டது.

"அப்போ நிறுத்துங்கோ" என்றார்.

ஒலிபெருக்கியில் அறிவித்தபோது எழுந்த கூச்சல் காவிரிக்கு அக்கரையில் கேட்டிருக்கும். "ஈ டாக்டர்! ஈ டாக்டர்!" என்று ஒரு பக்கத்திலிருந்து கோஷம். பட்டம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது; அதுவரை "கோழி டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள், இது பறக்கவாவது செய்கிறது. யாரோ எறிந்த வாழைப்பழத் தோல் தோளில் விழுந்தது. அங்கே எனக்குத் தெரிந்த ஒரே சாமர்த்தியம், ஓடிவிடாமல் நின்ற இடத்திலேயே நிற்பது.

"ஆட்சியர்கிட்ட போவேன், கோர்ட்டுக்குப் போவேன்" என்றார் தனிஸ்லாஸ்.

"போங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்வோம். ஊசி ரொம்ப நேரம் தாங்காது. குதிரைய எல்லாரும் பாக்குற மாதிரி அந்தப் புளிய மரத்து நிழல்ல கட்டுங்க. தண்ணி காட்டுங்க, புல்லு போடுங்க. நானும் பக்கத்துல உக்காந்திருக்கேன். ஊசி இறங்குற நேரம் தாண்டியும் இதே மாதிரி நின்னுச்சுன்னா, நான் செஞ்சது தப்புன்னு என் கையால எழுதித் தர்றேன். நீங்க அதை ஃப்ளெக்ஸ் அடிச்சு ஒட்டுங்க."

கூட்டம் கை தட்டியது. எனக்காக இல்லை, ஃப்ளெக்ஸுக்காக. அத்தனை பேர் முன்னால் தனிஸ்லாஸால் மறுக்க முடியவில்லை.

சுல்தான் இல்லாமல் பந்தயம் ஆரம்பித்தது. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஓடாத குதிரையை வேடிக்கை பார்த்தேன். வெற்றி முழக்கமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நடந்தது. குமரேசன் மரத்தடியில் குந்தி உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்காக ஒரு மாசமா பழக்கியிருக்கேன் சார். ஒரே ஓட்டம்தான். அதையும் கெடுத்துட்டீங்க."

"உங்களுக்காகத்தான் நிறுத்தினேன்."

"எனக்கு என்ன ஆவும்? நான் பட்டணத்து ரேஸ் மைதானத்துலயே ஓட்டுன ஆளு."

பதில் சொன்னால் பிரசங்கமாகிவிடும், அதற்கு எங்கள் பங்கில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்.

அப்போது ஜீப் வந்து நின்றது. வைதேகி மேடம் குடையும் பிளாஸ்க்குமாக இறங்கினார். எல்லாரும் அவரை நோக்கி ஓடினார்கள். தனிஸ்லாஸ் கும்பிட்டார். "அம்மா, நீங்க பெரியவங்க. நீங்களே ஒரு தடவை சோதிச்சு முடிவு சொல்லுங்க."

மேடம் குதிரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முடிவு அவர் எடுத்தாச்சு. நான் உட்கார வந்தேன்" என்றார். என் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி நீட்டினார். "சோதனைதான் முடிஞ்சுடுத்தே, சாப்பிடுங்கோ." என் முப்பது வருட உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அந்த அரை மூடி காபி.

நேரம் போகப் போக, சுல்தானைவிட அதிகமாக தனிஸ்லாஸ் கால் மாற்றி நின்றார். கடைசியில், "வெயில் ஏறுது, வாயில்லா ஜீவன். போதும், வேன்ல ஏத்து குமரேசா" என்று கயிற்றை அவிழ்க்கப் போனார்.

கயிறு வரவில்லை. மறுமுனை குமரேசன் கையில் இருந்தது.

"இருக்கட்டும்ணே."

"ஏத்துன்னு சொல்றேன்ல?"

"நிழல்லதாண்ணே நிக்குது. டாக்டர் சொன்ன நேரம் வரட்டும். இவ்வளவு நேரம் நின்னாச்சு, இன்னும் கொஞ்சம் நிக்கட்டும். ஏன் பயப்படுறீங்க?"

தனிஸ்லாஸ் கயிற்றை விட்டுவிட்டு வேன் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் குமரேசன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சுல்தான் இடது முன்னங்காலை மெல்ல முன்னால் நீட்டி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றியது. எடை முழுவதையும் வலது காலுக்கு மாற்றியது. பிறகு அந்தக் காலைத் தூக்கியே வைத்துக்கொண்டது. குமரேசன் எழுந்து போய் அதன் குதியில் விரலை வைத்தார். குதிரை உடம்பு முழுக்கச் சிலிர்த்துக் காலைப் பிடுங்கிக்கொண்டது. ரோட்டுக்குக் கூட்டிப்போக இரண்டடி நடத்தினார். தலை ஒவ்வொரு அடிக்கும் மேலே தூக்கித் தூக்கி விழுந்தது. மேலே நடத்த வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன்.

குமரேசன் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"போன பந்தயத்துலயும் போட்டிருப்பாங்களா சார்?"

"தெரியாது."

"கடைசியில ஒரு இடத்துல கால் மடங்குற மாதிரி இருந்துச்சு. சோம்பேறித்தனம் பண்ணுதுன்னு நெனச்சு..." அவர் நிறுத்தினார். "நாலு அடி சேத்து அடிச்சேன் சார்."

குமரேசன் போய்ச் சேணத்தை அவிழ்த்து தனிஸ்லாஸ் முன்னால் வைத்தார். "நீங்களே வச்சுக்குங்கண்ணே" என்றார். சத்தம் போடவில்லை.

எக்ஸ்ரேயில் குளம்புக்குள் இருக்கிற எலும்பில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. இன்னொரு முழு ஓட்டத்தை அது தாங்கியிருக்காது. அன்று எடுத்து அனுப்பிய ரத்த மாதிரியின் முடிவும் பல வாரம் கழித்து வந்தது, மரத்துப்போகும் மருந்து போட்டது உறுதியானது. தனிஸ்லாஸுக்குப் பந்தயங்களில் தடை. சுல்தான் ஓட்டத்திலிருந்து விலகி, ஒரு தோப்பில் புல் தின்று தொப்பை வைத்துவிட்டது. இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் உடல்வாகு ஒன்றுதான். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொல்வார்கள் அல்லவா, அப்போது தனிஸ்லாஸ் பின்னால் திரும்பமாட்டார். பக்கத்துத் தூணுக்குக் கும்பிடு போடுவார். அந்தத் தூணும் நானும் இன்றுவரை அவருக்குப் பதில் கும்பிடு போட்டு வருகிறோம்.

மேடம் அதன்பிறகு ஒரு நிபந்தனையைச் சேர்க்க வைத்தார். குதிரைகள் விடியலிலேயே வந்துவிட வேண்டும், ஊசி இறங்கிப்போகும் நேரம்வரை எங்கள் கண் முன்னால் நிற்க வேண்டும், அதற்கப்புறம்தான் சோதனை. "நேரம் வீணாகுது" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது மனு கொடுப்பார்கள். நான் பணியில் இருந்தவரை அதை ஒரு நிமிடம்கூடக் குறைக்க விடவில்லை. வகுப்பில் என்னிடம் கேள்வி கேட்ட டாக்டரம்மாவுக்கும் அதையேதான் சொல்வேன். குறைக்க விடாதீர்கள். வாழைப்பழத் தோல் எறிந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கழுவினால் போய்விடும்.

ஆனால் நிபந்தனை என்னதான் இருந்தாலும் அது காகிதம்தான். அது உண்மையில் நடைமுறைக்கு வந்தது அடுத்த பந்தயத்தில். நான் போய் இறங்கியபோது ஓட்டுகிறவர்கள் ஒருவரும் குதிரைமேல் இல்லை. எல்லாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகத் தரையில் நின்றார்கள். உரிமையாளர்கள் ஏறச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். வரிசையில் முதலாவதாக, வேறு ஒருவருடைய குதிரையோடு குமரேசன்.

"நீங்க பாக்கறதுக்கு முன்னாடி நாங்களும் ஒரு தடவை பாத்துக்கறோம் சார். மேல உக்காரப்போறது நாங்கதானே" என்று கையை நீட்டினார். "அந்தப் பேனாவக் குடுங்க."

கொடுத்தேன். குனிந்து தன் குதிரையின் ஒவ்வொரு குதியிலும் குத்திப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டினார். அவர் பார்த்துவிட்டு அதற்கு அடுத்தவரிடம். பேனா கைமாறி வரிசையின் கடைசிவரைக்கும் போனது. போகிற வழியெல்லாம், ஒன்று மாற்றி ஒன்றாக, ஒவ்வொரு குதிரையும் கோபித்துக்கொண்டு காலை உதறியது. அரசாங்க உத்தியோகத்தில் என்மேல் எத்தனையோ பேர் கோபப்பட்டிருக்கிறார்கள். அத்தனை கோபத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் நின்று பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.